தாய்மாமன் எடுத்த கவுன்

கல்யாண வீடுகளை அண்டி வாழும் ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிச்சயம் முடிந்த அன்று சாயங்காலமே வந்து இறங்கிவிடும். பத்திரிகை அச்சாகும் முன்பே, மண்டபம் பேசும் முன்பே, சில வீடுகளில் பெண்ணுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் முன்பேகூட, அது நடு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைப்பேசியைத் திறந்து, "இப்பக் கல்யாணத்துக்கு என்ன ஓடுது தெரியுமா?" என்று கேட்கும். யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களையும் சொல்ல விடாது.

இதற்கு ட்ரெண்ட் மாமா என்று பெயர். அத்தைகளிலும் இந்த இனம் உண்டுதான். ஆனால் அத்தை, தான் சிபாரிசு செய்வதை ஒரு தரமாவது தன் மேல் வைத்துப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் கண்ணாடி சொல்லிவிடும். மாமாவுக்கு அந்த ஆபத்தே கிடையாது. அவர் சொல்வதை உடுத்தப்போவது வேறு யாரோ. ஆகவே அவருடைய ரசனைக்கு எல்லையே இல்லை.

விளாங்குடி சவரியப்பனையே எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவரிடம் ஆறு சட்டைகள் உண்டு. ஆறும் இளநீலம், ஆறையும் எடுத்தது அவர் மனைவி. பனியன் சைஸ் என்ன என்று கடையில் கேட்டால் வீட்டுக்குப் போன் போடுவார். ஆனால் மணப்பெண்ணின் உடை என்று பேச்சு வரட்டும், அப்புறம் பாருங்கள் மனிதரை. ரவிக்கை முதுகில் பெண் மாப்பிள்ளை முகங்களை ஆரி ஒர்க்கில் தைப்பது எந்த மாதம் வந்தது, முந்தானையில் கல்யாணத் தேதியை நெய்வது எந்த மாதம் போனது, அம்மா சித்தி அத்தை எல்லாருக்கும் ஒரே நிறத்தில் புடவை எடுத்து ஆண்டுவிழாவில் நடனம் ஆடப்போகிறவர்களைப் போல வரிசையாக நிறுத்துவது எங்கே ஆரம்பித்தது, மஞ்சள் உடுத்தி ஹல்தி வைக்கும் வழக்கம் எந்த வருஷம் வைகையைத் தாண்டி விளாங்குடிக்குள் நுழைந்தது, மாதா கோயில் கல்யாணத்துப் பெண்களின் வெள்ளை எப்போது ஐவரி ஆயிற்று, ஐவரி எப்போது ஷாம்பெயின் ஆயிற்று என்று அவர் தேதிவாரியாகச் சொல்லும்போது, எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஷாம்பெயின் என்றால் வேறொன்றும் இல்லை. வெள்ளை வேட்டியை டீயில் ஒருமுறை முக்கி எடுத்தால் வரும் நிறம்.

அவருடைய கைப்பேசியில் நாலாயிரத்துக்கு மேல் படங்கள். அதில் சொந்தக் குடும்பத்தின் படம் ஒரு நாற்பது தேறும். மற்றதெல்லாம் எந்த ஊர் என்றே தெரியாத மணப்பெண்கள். ஒருநாள் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தற்செயலாக எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

விவாதம் என்று வந்தால் சவரியப்பனிடம் ஒரே ஓர் ஆயுதம்தான். "அது போன வருஷம்." அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை பேசமாட்டார். நீங்கள் பத்துக் கடை ஏறி இறங்கி, வெயிலில் காய்ந்து, பெண்ணோடு சண்டை போட்டு, சம்பந்தியிடம் சம்மதம் வாங்கி ஒரு புடவையை எடுத்து வந்து பிரித்துக் காட்டுவீர்கள். அவர் தொட்டுப் பார்ப்பார். விளிம்பைத் தடவிப் பார்ப்பார். பாவம் என்பதுபோல உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சொல்வார். அப்புறம் அந்தப் புடவை உங்கள் வீட்டில் இருக்குமா?

அவர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் அழகுமலை, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிறார். அவருடைய மகள் இசைவாணிக்குக் கல்யாணம் வந்தபோது, முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு என்று அவர் மனைவி முனியாயி முடிவு செய்திருந்தார். அழகுமலை அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாய்தவறி அலுவலகத்தில் சொல்லிவிட்டார். விடுவாரா சவரியப்பன்? அரக்கெல்லாம் மலையேறிவிட்டது, இப்போது எல்லாமே வெளிர் நிறம், மங்கலான ஆரஞ்சில் பீச் என்று ஒன்று வந்திருக்கிறது, அதை எடுங்கள், மேடைக்குப் பின்னாலும் பீச் நிறப் பூவே வையுங்கள் என்று நாலு நாள் பாடம் எடுத்தார். அப்படியே செய்தார்கள். ஆல்பம் வந்தது. மேடையும் பீச், பெண்ணும் பீச். பூக்களுக்கு நடுவில் ஒரு தலையும் இரண்டு கைகளும் ஒரு மாலையும் தெரிந்தன. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முனியாயி இன்றும் அந்த ஆல்பத்தை விரித்து, "எம் மக இங்கனதான் நிக்கிறா" என்று விரல் வைத்துக் காட்டுகிறார். ஆல்பத்தைப் பார்த்த சவரியப்பன் கொஞ்சமும் கலங்கவில்லை. பார்க்கிறவர்களின் கண் நேராக முகத்துக்கே போகிறது பார்த்தீர்களா, அதற்குத்தான் இந்தக் கலர் என்றார்.

இதுவரை அடுத்தவர் வீடு. இப்போது சொந்த வீட்டுக்கு வருவோம்.

சவரியப்பனின் தங்கை ஆனிமேரி, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஆனிமேரியின் ஒரே மகள் பெர்சி, தனியார் வங்கியில் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை ஜினோவுக்கு ஓசூரில் வேலை. அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம். சாயங்காலம் கட்டும் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. காலையில் கோயிலுக்கு உடுத்தும் வெள்ளை, தாய்மாமன் எடுப்பது. அதில் பெண்ணைப் பெற்றவர்கள்கூடத் தலையிட முடியாது. யோசித்துப் பாருங்கள். இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களில் ஓரமாக நின்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் கையில், முறைப்படி, உரிமைப்படி, ஒரு மணப்பெண்ணின் உடையைத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்?

முதல் வாரம் வெள்ளைப் பட்டுப்புடவை என்றார். இரண்டாம் வாரம் அது போன வருஷம் ஆகிவிட்டது. புடவை மாதிரித் தைத்த கவுன் என்றார். ஆறு நாளில் அதுவும் போன வருஷம். கடைசியில், தோள் மூடாத, இடுப்புக்குக் கீழே வளையம் வைத்து விரிந்த, பின்னால் பன்னிரண்டு அடி தரையில் இழுபடும் ஷாம்பெயின் கவுன் ஒன்றில் வந்து நின்றார். தல்லாகுளத்தில் மாடியில் கடை வைத்திருக்கும் முனீஸ்வரியிடம் தைக்கக் கொடுத்தார். முனீஸ்வரி படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, உங்கள் கோயிலில் பெஞ்சுகளுக்கு நடுவே உள்ள வழி எவ்வளவு அகலம் என்பது. பின்னால் வால் பன்னிரண்டு அடிக்குக் குறையக்கூடாது என்று சவரியப்பன் பதில் சொன்னார்.

அதே வேகத்தில் படத்தைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டார். சம்பந்தி வீட்டுக் குழுவிலும் போட்டார். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக் குழுவில் போட்டுவிட்டு, தவறுதலாக வந்துவிட்டது மன்னிக்கவும் என்று எழுதினார். அழிக்கவில்லை.

பெர்சிக்கு அந்தக் கவுன் பிடித்ததா? அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கவனம் வேறொன்றில் இருந்தது. அவளுடைய அப்பா சந்தியாகு, இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தவர். மிஷன் பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்தவர், கட்டிலோடு போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எழுந்துவிட்டார். ஆனால் இடது கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பக்கத்தில் ஒருவர் ஒட்டி நின்று முழங்கையைக் கோர்த்துப் பிடித்தால் நடப்பார். பிடியை விட்டால் நின்றுவிடுவார். கல்யாணம் நிச்சயமானதும் அவர் கேட்டது ஒன்றுதான். மகளைத் தன் கையில் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் தானே நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் கோயிலுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள். அவர் நடையில் எழுபத்திரண்டு எட்டு.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு, அப்பாவும் மகளும் வீட்டு வாசலிலிருந்து பால் பூத் வரை எழுபத்திரண்டு எட்டு நடந்தார்கள். பெர்சி நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் வலது முழங்கையில் தன் கையை நுழைத்து, அவர் இடது காலை இழுத்து வைக்கும் நேரத்துக்குத் தானும் நிற்பாள். முதல் வாரம் நாற்பதில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் மாதம் எழுபத்திரண்டும் வந்தது. தெருவே பார்த்தது. சவரியப்பனும் பார்த்தார். பார்த்தார் என்றா சொன்னேன்? எதிரே வண்டியில் வந்தார், கையசைத்தார், "மருமகளே, வால்ல முத்து வைக்கலாமா கல்லு வைக்கலாமா?" என்று கேட்டார்.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்து, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கவுனைப் போட்டுப் பார்க்க எல்லாரும் முனீஸ்வரி கடைக்குப் போனார்கள். சந்தியாகுவும் பிடிவாதமாக வந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அவரை ஏற்றிக் கொண்டுவந்ததே சவரியப்பன்தான். திரை விலகிற்று. பெர்சி வந்து நின்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தாள். ஆனிமேரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சவரியப்பன் நாலு பக்கமும் நின்று பதினேழு படம் எடுத்தார்.

சந்தியாகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, ஆனிமேரியின் கையைப் பிடித்தபடி மகள் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டினார். எட்டவில்லை. உள்ளே இருந்த வளையம் அவரை ஒன்றரை முழம் தள்ளியே நிறுத்தியது. கொஞ்சம் நெருங்கினார். காலுக்கடியில் துணி சிக்கியது. மகளுக்கு முன்னால் நின்று பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார், அங்கே வால். முனீஸ்வரி ஊசிப் பெட்டியை மூடித் திறந்துகொண்டிருந்தார். சந்தியாகு கையை மடக்கி வேட்டியோடு வைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல மச்சான். நான் பக்கத்து வாசல் வழியா முன்னாடியே போயி பெஞ்சுல உக்காந்துக்கிறேன். பிள்ள தனியா வரட்டும்."

இந்த இடத்தில் ஒரு ட்ரெண்ட் மாமா என்ன செய்வார்? சவரியப்பனும் அதைத்தான் செய்தார். அதுவும் நல்ல யோசனைதான், இப்போது பெரிய ஊர்களில் பெண் தனியாக நடந்து வருவதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு படம் இருக்கிறதே என்று கைப்பேசியைத் தடவினார். தேடிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தால், பெர்சி அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

"மாமா, நீங்க என்ன எடுத்துக் குடுத்தாலும் போட்டுக்கிறேன். கல்லு வைங்க, முத்து வைங்க. எங்க அப்பா நிக்கிறதுக்கு மட்டும் பக்கத்துல ஒரு ஆளு எடம் விடுங்க."

சவரியப்பனின் கை நின்றுவிட்டது. சந்தியாகு விழுந்த அன்று அவரை ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனவர் இவர்தான். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் பெஞ்சில் படுத்துக் கிடந்தவர் இவர்தான். மறுபடி முதல் எட்டு எடுத்து வைத்தபோது பக்கத்தில் பிடித்திருந்த கை இவருடைய கை. இந்தக் காலின் கதை இவ்வளவும் தெரிந்த மனிதர், எழுபத்திரண்டு எட்டையும் தினமும் தெருவில் பார்த்த மனிதர், ஒருநாள்கூட அந்த எட்டையும் இந்த வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வளையத்தை எடுத்துவிட முடியுமா என்று முனீஸ்வரியிடம் மெதுவாகக் கேட்டார். "எடுத்தா இம்புட்டுத் துணியும் தரையில கூடாரமாச் சரிஞ்சிரும் சார். அளவே வளையத்துக்குப் போட்டது" என்றார் முனீஸ்வரி.

இப்போது நியாயமாக அவர் செய்ய வேண்டியது என்ன? கவுன் வேண்டாம், நான் பார்த்துத் தப்பாக எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆறேழு வார்த்தை. நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். ட்ரெண்ட் மாமாவால் சொல்ல முடியாது. மூன்று வாட்சப் குழுக்கள் இருக்கின்றன. சம்பந்தி வீட்டில் அந்தப் படத்துக்கு இருபத்தெட்டுப் பேர் கைதட்டியிருக்கிறார்கள். தப்பை ஒத்துக்கொள்வதா, மச்சானை ஓரமாக உட்கார வைப்பதா என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தார். மூன்றாம் நாள், கல்யாணப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போடக் கோயில் அலுவலகத்துக்குப் போனவர், அறிவிப்புப் பலகையின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குள் ஒரு தாள். பங்குப் பேரவையின் தீர்மானம். திருமணத் திருப்பலியில் மணமகளின் உடை கழுத்துவரை மூடியதாகவும் முழுக்கை உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். கீழே செயலர் கையெழுத்து, சவரியப்பன்.

இந்தத் தீர்மானத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பங்கில் நடந்த கல்யாணங்களில் எல்லாம் பெண்கள் லேஸ் வைத்து, முழுக்கையும் மூடிய கழுத்துமாக வந்தார்கள். அந்த சீசனில் அதுதான் ஓடியது. பார்த்துப் பூரித்துப்போன சவரியப்பன், பேரவைக் கூட்டத்தில் எழுந்து, இதையே விதியாக்கிவிட வேண்டும் என்றார். எல்லாரும் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அடுத்த வருஷமே கழுத்து இறங்கியது, கை போயிற்று. விதி மட்டும் பலகையிலேயே நின்றது. அதன் பிறகு வந்த பெண்கள் எல்லாம் கோயில் வாசலில் ஊக்கு குத்திக் கையும் கழுத்தும் ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ என்று சவரியப்பனே சில கல்யாணங்களில் அலுத்துக்கொண்டதுண்டு.

நேரே பங்குத்தந்தையின் அறைக்குப் போனார். தன் மருமகளின் கவுனுக்குத் தோளே இல்லை என்று தானே புகார் கொடுத்தார். பங்குத்தந்தை நல்ல மனிதர். பரவாயில்லை, ஒரு வலைத்துணியை வைத்துத் தைத்துவிடுங்கள், போன மாதம் முதுகே இல்லாத ரவிக்கைக்கு ஒரு சால்வையைப் போர்த்தி நடத்தி வைத்தேனே என்றார். சவரியப்பனுக்குத் திக்கென்றது. விதி விதிதான், நீங்களே இப்படித் தளர்த்திவிட்டால் பங்கு என்ன ஆவது என்று கேட்டார். உங்கள் வீட்டுப் பெண்தானே, மன்னித்துவிடலாம் என்றார் பங்குத்தந்தை. என் வீட்டுப் பெண் என்பதால்தான் மன்னிக்கக்கூடாது என்றார் சவரியப்பன். இப்படி ஒருவர் விட்டுக்கொடுக்க, ஒருவர் தண்டனை கேட்க, கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் பங்குத்தந்தை பேனாவைக் கீழே வைத்தார்.

"சவரியப்பன், உண்மையிலேயே உங்களுக்கு என்ன வேணும்?"

"சந்தியாகு நடக்கணும் சாமி. நான் தோத்த மாதிரியும் தெரியக்கூடாது."

பங்குத்தந்தை மேசை இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தாளை எடுத்தார். சவரியப்பன் தன்னை எதிர்த்துத் தானே வாசகம் சொன்னார். தீர்மான எண், தேதி, கவுனில் வலைத்துணி ஒட்டுப் போட்டு வந்தாலும் செல்லாது என்ற வரி, மீறினால் திருமணம் நடத்தி வைக்க இயலாது என்ற வரி, எல்லாம் விடாமல் சொன்னார். கண்டிப்பு போதாது என்று ஓரிடத்தில் திருத்தவும் செய்தார். பங்குத்தந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆனிமேரி வீட்டு ஹாலில் அந்தக் கடிதத்தைச் சவரியப்பன் வாசித்துக் காட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குரல் நடுங்க, கண் சிவக்க, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு விதியா, எந்த மடையன் எழுதினானோ, நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை, மேலே ஆயர் வரைக்கும் போகப் போகிறேன் என்று குதித்தார். சந்தியாகு அவரைச் சமாதானப்படுத்தினார். ஆனிமேரி மோர் கொடுத்தார். பெர்சி மட்டும் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அந்தத் தீர்மானத்தை மாமாவுக்காகத் தட்டச்சு செய்து கொடுத்தது அவள்தான். மாமாவை ஒருமுறை பார்த்தாள். மாமா மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுருங்க மாமா. விதின்னு இருந்தா என்ன செய்ய முடியும்" என்றாள். கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று பெர்சி வெள்ளைப் புடவையில் வந்தாள். சந்தியாகுவின் வலது முழங்கையில் அவளுடைய கை இருந்தது. இருவருக்கும் நடுவே ஒரு செபமாலைகூட நுழைய இடம் இல்லை. கோயில் வாசலில் தொடங்கி, வலது கால் வைத்து, இடது காலை இழுத்து வைத்து, மகள் நிற்க, அப்பா நிற்க, மறுபடி வலது கால். வருகைப் பாடலின் மூன்று சரணமும் முடிந்துவிட்டது. பாடகர் குழு முதல் சரணத்துக்குத் திரும்பியது. அதுவும் முடிந்தது. பாடுவதை நிறுத்திவிட்டு அவர்களும் பார்த்தார்கள். பீடத்துக்குக் கீழே மாப்பிள்ளை ஜினோ, தன் இடத்தில் நிற்க வேண்டியவன், நாலு எட்டு முன்னால் வந்து நின்றான். சந்தியாகு தலையை ஆட்டி அவனைத் திரும்பிப் போகச் சொன்னார். எழுபத்திரண்டையும் அவரே நடந்தார்.

முன்வரிசையில் சவரியப்பன் விக்கி விக்கி அழுதார். மறைக்கவே இல்லை. அவரை நமக்குப் பிடித்துப்போவது இதனால்தான்.

ஆனால் திருந்திவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். திருப்பலி முடிந்து கோயில் வாசலில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், ஏதோ கவுன் என்று சொன்னீர்களே என்று கேட்டார். சவரியப்பன் கண்ணைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கவுனெல்லாம் ஓய்ந்துவிட்டது, இப்போது புடவைதான், அதைவிட முக்கியம் அந்த நடை, கவனித்தீர்களா என்றார். போட்டோக்காரர் அந்த நடையை வீடியோவாகப் போட்டார். மாவட்டம் முழுக்கப் பரவியது. சவரியப்பனுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே கோயிலில் இன்னொரு கல்யாணம். பெண்ணின் அப்பா ஜெர்சன், மிஷன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஐம்பது வயதிலும் தினமும் காலையில் பிள்ளைகளோடு மைதானத்தை எட்டுச் சுற்று ஓடுகிறவர். ஆள் இரும்புக் கம்பி. அந்த ஜெர்சன் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார். வலது காலை வைத்தார். இடது காலை இழுத்து வைத்தார். நின்றார். மகளும் நின்றாள். மறுபடி வலது கால். பெஞ்சு ஓரத்தில் நின்ற சவரியப்பன், இன்னும் கொஞ்சம் மெதுவாக என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சந்தியாகுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் பக்கம் சாய்ந்தார்.

"நல்லாத்தான இருந்தாரு. அவருக்குக் கால்ல என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. ட்ரெண்டு" என்றாள் பெர்சி.

சந்தியாகு சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

கதை முடிந்தது. ட்ரெண்ட் மாமாவை இனி எங்கே கண்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும், நகர்ந்துவிடுவீர்கள். நல்லது. அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அன்று பெர்சி கட்டியிருந்த புடவை வெள்ளை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறது. கரை உண்டா, ஜரிகை என்ன ஜரிகை, ரவிக்கை எந்த மாதிரி, எங்கே எடுத்தது என்று இதில் ஓரிடத்திலும் இல்லை. ஒரு மனிதர் எழுபத்திரண்டு எட்டு நடந்து முடிப்பதற்குள், அந்தக் கேள்விகளில் ஒன்றாவது உங்கள் வாய்வரை வந்ததா?

வந்திருந்தால், நடு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள்.